நோயும் நீச்சலும்

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. செல்வம் கையில் உள்ளபோது அதன் அருமை தெரிவதில்லை. இழந்த பின்னரே தெரிகின்றது. உடல் நலமும் அத்தகையதே. ஆயினும் இரண்டிற்கும் ஒரு வேறுபாடு உண்டு. இழந்த பொருள் ஒரே நாளில் திரும்பி வரினும் வரலாம். இழந்த வலிமை அவ்வாறு வருவதில்லை. அதனை நாள்தோறும் சிறிது சிறிதாகவே ஈட்டுதல் வேண்டும். நெடுநாள் நோயினின்று எழுந்த ஒருவர் அவ்வலிமையை மீண்டும் பெறுவதற்கு நீச்சல் எவ்வாறு துணை செய்கின்றது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

சென்னை மெரினாக் கடற்கரையில், கலங்கரை விளக்கத்தை அடுத்து, நொச்சிக்குப்பம் என்னும் மீனவர் ஊர் இருக்கின்றது. மயிலாப்பூரிலும் சாந்தோமிலும் வாழும் மக்கள் மீன் வாங்கச் செல்லும் இடம் அதுவே. அங்குள்ள சிறுவர்களுக்குக் கடல் முற்றம் போன்றது. அவர்கள் நடக்கக் கற்ற சில ஆண்டுகளிலேயே நீந்தவும் கற்று விடுகின்றனர். நகரத்தார்க்கு நீச்சல் விளையாட்டு; மீனவர்க்கோ அது தொழிலின் முதற்படி. படகு கவிழ்ந்தாலும் கயிறு அறுந்தாலும் அவர்களைக் கரை சேர்ப்பது அவர்களுடைய கைகளும் கால்களுமே அல்லவா?

அவ்வூர் இளைஞன் ஒருவனைக் காசநோய் பற்றியது என்று கொள்வோம். அவன் ஆறு திங்கள் இடைவிடாது மருந்துண்டு நோயினின்று விடுபடுகின்றான். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, சோதனையிலும் கிருமி இல்லை. அவன் மனம் உடனே கடலை நாடுகின்றது. ஆனால், முன்பு எளிதாக இழுத்த வலை இன்று அசைய மறுக்கின்றது. பத்தடி மணலில் நடந்தால் மூச்சு வாங்குகின்றது. நோய் போய்விட்டது, வலிமை வரவில்லை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலமே மிகுந்த பொறுமை வேண்டிய காலம். அவசரப்பட்டு அலையில் இறங்கினால் உயிருக்கே கேடு. அஞ்சிப் படுக்கையிலேயே கிடந்தால் எஞ்சிய வலிமையும் தேய்ந்துவிடும். இவ்விரு தவறுகளுக்கும் இடையே செல்லும் வழி யாது?

ஒரு காலத்தில் நோயாளிக்கு ஓய்வே பெருமருந்து என்று மருத்துவர் கருதினர். காசநோயுற்றோரை ஊருக்கு வெளியே அமைந்த மருத்துவமனைகளில் திங்கள் கணக்கில் படுக்க வைத்தனர். இக்கருத்தை மாற்றிய ஆராய்ச்சி நம் சென்னையிலேயே நடைபெற்றது என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி. 1956ஆம் ஆண்டில் சென்னையில் காசநோய் மருந்தாய்வு நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. அங்குள்ள மருத்துவர்கள் நோயாளிகளுள் ஒரு பகுதியினரை மருத்துவமனையில் வைத்தும், மற்றொரு பகுதியினரை அவரவர் வீட்டில் இருக்கச் செய்தும் ஒரே மருந்தை அளித்தனர். வீட்டிலிருந்தோர் ஏழை எளியோர்; நல்லுணவும் நீண்ட ஓய்வும் அவர்களுக்குக் கிட்டவில்லை. எனினும் அவர்களும் மருத்துவமனையிலிருந்தோரைப் போன்றே குணமடைந்தனர். 1959இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றியது. நோயைத் தீர்த்தது மருந்தே. படுக்கை அன்று என்பது தெளிவாயிற்று. அந்நிலையம் இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகின்றது.

காய்ச்சல் உள்ளபோது ஓய்வு இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆனால், அளவிற்கு மிஞ்சிய ஓய்வு உடலை உருக்கிவிடும். 1966ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் டல்லாசு நகரில் ஓர் ஆய்வு நடந்தது. நல்ல உடல் நலமுள்ள இளைஞர் ஐவர் மூன்று வாரங்கள் படுக்கையிலேயே கிடந்தனர். அவர்களுக்கு நோய் ஏதும் இல்லை. எனினும், உழைக்குங்கால் உயிர்வளியைப் பயன்படுத்தும் அவர்களுடைய ஆற்றல் நான்கில் ஒரு பங்கிற்கும் மேலாகக் குறைந்துவிட்டது. பின்னர்ப் பல வாரங்கள் முறையாகப் பயிற்சி செய்த பிறகே அவர்கள் அதனை மீண்டும் பெற்றனர். நலமுள்ளோர் நிலையே இதுவாயின், திங்கள் பல நோயில் வாடியவர் நிலை எத்தகையதாகும்! எனவே, எழுந்து நடக்க இயலாமை கண்டு நோயாளி நாணவும் வேண்டா. மனம் தளரவும் வேண்டா. உழையாத தசை மெலியும். உழைக்க உழைக்க மீண்டும் உரம் பெறும். இஃது உடலின் இயல்பு.

உழைப்பிற்கு நிலத்தினும் நீர் ஏற்ற இடமாவது எவ்வாறு? கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீசு கண்ட உண்மையை நீங்கள் அறிவியல் பாடத்தில் கற்றிருப்பீர்கள். நீரில் அமிழ்ந்த பொருள், தான் விலக்கிய நீரின் எடைக்கு ஒப்பான எடையை இழந்தது போல் தோன்றும். இடுப்பளவு நீரில் நிற்பவருடைய கால்கள் அவருடைய எடையில் ஏறத்தாழப் பாதியையே தாங்குகின்றன. மார்பளவு நீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே தாங்குகின்றன. தரையில் தள்ளாடும் கால்கள் நீரில் துணிந்து அடி எடுத்து வைப்பதன் காரணம் இதுவே. கீழே விழுந்தால் எலும்பு முறியுமோ என்னும் அச்சமும் அங்கு இல்லை.

நீர் சுமையைக் குறைப்பதோடு உழைப்பையும் தருகின்றது. அது காற்றினும் ஏறத்தாழ எண்ணூறு மடங்கு அடர்த்தியானது. ஆதலின், அதனைத் தள்ளும் ஒவ்வோர் அசைவிலும் தசைகள் வேலை செய்கின்றன. மெதுவாகத் தள்ளினால் தடை குறைவு. விரைந்து தள்ளினால் தடை மிகுதி. எனவே, தன் வலிமைக்கு ஏற்ற உழைப்பின் அளவை நீந்துவோரே அமைத்துக்கொள்ளலாம். மேலும், நீர் மார்பைச் சுற்றி அழுத்துவதால், மூச்சை உள்ளிழுக்கும் தசைகளும் பயிற்சி பெறுகின்றன. நீருக்குள் மெல்ல மூச்சை விட்டு, தலையைத் திருப்பி மீண்டும் இழுக்கும் ஒழுங்கினால் மூச்சு சீர்ப்படுகின்றது.

ஆனால், இந்நன்மைகளே சிலர்க்குத் தீமையாகவும் கூடும். நீரின் அழுத்தத்தால் கால்களிலுள்ள குருதி மார்பை நோக்கிச் செல்கின்றது. அதனால் இதயத்தின் வேலை மிகுகின்றது. ஆகவே, இதய நோய், நுரையீரல் நோய், வலிப்பு நோய் ஆகியவற்றால் வருந்தியவர் மருத்துவரின் இசைவு பெற்ற பின்னரே நீரில் இறங்குதல் வேண்டும். தொற்றுநோய் முற்றும் நீங்காதவரும், ஆறாத புண் உடையவரும், காய்ச்சல் உள்ளவரும் பலர் குளிக்கும் குளத்தில் இறங்குதல் தமக்கும் பிறர்க்கும் தீங்காகும்.

நீச்சலுக்குத் திரும்புவோர் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கு ஒன்று உண்டு. முதலில் நிலத்தில் நடந்து பழகுதல் வேண்டும். களைப்பின்றி நெடுநேரம் நடக்க முடிந்த பின்னர், மார்பளவு நீரில் நடத்தல் வேண்டும். அடுத்து, குளத்தின் விளிம்பைப் பற்றிக்கொண்டு கால்களை அடித்தலும், பின்னர் மிதத்தலும் நன்று. அதன் பிறகே நீந்துதல் வேண்டும். சில கெசம் நீந்தியதும் நின்று இளைப்பாறுக. மூச்சு அமைதியுற்ற பின்னர் மீண்டும் நீந்துக. அருகிலிருப்பவரோடு திணறாமல் பேச முடியுமாயின் உழைப்பு அளவோடு உள்ளது என்று அறிக. மார்பு வலி, தலைச்சுற்றல், படபடப்பு, அடங்காத மூச்சுத் திணறல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே கரையேறி, மருத்துவரை நாடுக. இன்று நீந்திய களைப்பு நாளையும் நீங்காதிருப்பின், அளவு மிஞ்சியது என்பது பொருள். முன்னர் எவ்வளவு விரைவாக நீந்தினோம் என்பதை எண்ணுதல் கூடாது; நேற்றினும் இன்று சிறிது முன்னேறினோமா என்பதையே எண்ணுதல் வேண்டும்.

இவ்வாறு நீரின் துணை கொண்டு தளராது முயன்றோர் பலர். அமெரிக்கக் குடியரசின் தலைவராக விளங்கிய பிராங்க்ளின் ரூசுவெல்ட், 1921ஆம் ஆண்டில், தம் முப்பத்தொன்பதாம் வயதில், இளம்பிள்ளைவாதம் என்று கண்டறியப்பட்ட நோயால் தாக்குண்டார். அவருடைய கால்கள் செயலற்றன. 1924இல் அவர் சியார்சியா மாநிலத்தில் உள்ள வெந்நீர் ஊற்று ஒன்றிற்குச் சென்று நீந்தத் தொடங்கினார். நீர் அவருடைய கால்களை மீட்டுத் தரவில்லை. ஆனால், தோளுக்கு உரமும் உள்ளத்திற்கு ஊக்கமும் தந்தது. தாம் பெற்ற பயனைத் தம்மைப் போன்ற நோயாளிகளும் பெறவேண்டும் என்று கருதி அவ்விடத்தை விலைக்கு வாங்கி, 1927இல் அறநிலையம் ஒன்றை அங்கு நிறுவினார். பின்னர் நான்கு முறை அந்நாட்டின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

நம் நாட்டுப் படைவீரர் முரளிகாந்த் பெட்கர் சிறந்த குத்துச்சண்டை வீரர். 1965ஆம் ஆண்டுப் போரில் குண்டுகள் பாய்ந்து, அவருடைய இடுப்பிற்குக் கீழே உடல் செயலிழந்தது. குத்துச்சண்டை அவர்க்கு எட்டாக் கனியாயிற்று. உடல் தேறும்பொருட்டு நீந்தத் தொடங்கிய அவர், 1972இல் செருமனியின் ஐடல்பர்க்கு நகரில் நடந்த மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கில் ஐம்பது மீட்டர் நீச்சலில் தங்கப் பதக்கம் வென்றார். அவ்விளையாட்டுகளில் இந்தியா பெற்ற முதல் தங்கம் அதுவே. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

சென்னையில் வங்கிப் பணியாற்றிய மாதவி லதா என்பார் குழந்தைப் பருவத்திலேயே இளம்பிள்ளைவாதத்தால் பாதிக்கப்பட்டவர். பிற்காலத்தில் முதுகெலும்பின் வளைவு அவருடைய மூச்சிற்கும் இடர் செய்தது. அதனைப் போக்க நீர்ப் பயிற்சியை மேற்கொண்ட அவர், நீச்சலையும் கற்று, தேசியப் போட்டிகளில் பதக்கம் வென்றார். பின்னர்த் தம்மைப் போன்றோரையும் விளையாட்டில் ஈடுபடுத்தும் தொண்டினை மேற்கொண்டார்.

இனி, மாணவர்கள் மறவாது மனத்திற் கொள்ள வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. மெரினாக் கடல் கண்ணுக்கு இனியது. நீந்துவதற்கு உரியது அன்று. கரைக்கருகிலேயே ஆழம் மிகுந்து, அலை திரும்புங்கால் கால் மணலைப் பறித்துக்கொண்டு ஓடும். சில இடங்களில் நீரோட்டம் கரையினின்று கடலுக்குள் விரைந்து இழுக்கும். ஆண்டுதோறும் அங்கு உயிரிழப்போர் உளர். அவருள் நன்கு நீந்தத் தெரிந்த இளைஞரும் உண்டு. நீரோட்டம் இழுக்குமாயின், அதனை எதிர்த்து நீந்திக் களைத்துப் போகாமல், மிதந்து வலிமையைக் காத்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அதனினின்று விலகுதல் வேண்டும். கடலை நாள்தோறும் காணும் நொச்சிக்குப்பத்து மீனவர்களே காற்றையும் நீரோட்டத்தையும் நோக்கிய பின்னர்தான் படகைத் தள்ளுகின்றனர். நோயினின்று எழுந்தவர்க்கு ஏற்ற இடம் காவலரும் பயிற்சியாளரும் உள்ள நீச்சற்குளமே. மாநகராட்சியின் நீச்சற்குளம் மெரினாவிலேயே உள்ளது. அங்கும் தனியே நீந்துதல் தகாது.

நாம் முன்னர்க் கூறிய இளைஞன் இவ்வழியைக் கடைப்பிடிப்பானாயின், முதல் வாரம் நீரில் நடப்பான். சில திங்களில் குளத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நீந்துவான். மருத்துவர் இசைவு தந்த நாளில், தோழரோடு மீண்டும் படகேறுவான். அவனைக் கடலிற்கு மீட்டுச் செல்வது துணிவு மட்டும் அன்று. துணிவோடு கூடிய பொறுமையே ஆகும். அப்பொறுமை நோயாளிக்கு மட்டுமன்றி, எவ்வகை இழப்பினின்று மீள்வோர்க்கும் உற்ற துணையாகும்.

வினாக்கள்

1. நோய் நீங்குதலும் வலிமை பெறுதலும் வேறு வேறு என்பதை விளக்குக.
2. சென்னையில் நடந்த காசநோய் ஆராய்ச்சி எவ்வுண்மையை நிலைநாட்டியது?
3. நீரில் செய்யும் பயிற்சி மெலிந்த உடலுக்கு ஏற்றதாவது எவ்வாறு?
4. மெரினாக் கடலில் நீந்துதல் ஏன் தகாது? நீரோட்டத்தில் அகப்பட்டவர் என் செய்தல் வேண்டும்?