விதையும் பரம்பரையும்: விதை எடுத்து வைக்குமுன் கமக்காரர் அறிய வேண்டியவை

நோட்டன் பிரிட்ஜ், ஹற்றன் முதலிய மலைநாட்டுப் பகுதிகளில் தேயிலையை அடுத்து மரக்கறித் தோட்டங்களும், பள்ளமான இடங்களில் நெல் வயல்களும் உள்ளன. நன்கு விளைந்த பயிரிலிருந்து அடுத்த போகத்துக்கு விதை எடுத்து வைப்பது கமக்காரரின் நெடுநாள் வழக்கம். இவ்வழக்கம் சில பயிர்களில் நன்மை தரும். வேறு சிலவற்றில் ஒரு போகத்து உழைப்பையும் பசளைச் செலவையும் வீணாக்கிவிடும். எதில் விதை வைக்கலாம், எதில் வைக்கலாகாது என்பதை அறிவதற்கு, தாய் தந்தைப் பயிர்களின் இயல்புகள் வழித்தோன்றலுக்குச் செல்லும் முறையை முதலில் அறிதல் வேண்டும்.

மெண்டல் கண்ட விதி

கிரகர் மெண்டல் என்னும் கிறித்தவத் துறவி பட்டாணிச் செடிகளைக் கொண்டு செய்த ஆராய்ச்சியை 1866இல் வெளியிட்டார். உருண்டை விதையுடைய இனத்தையும் சுருங்கிய விதையுடைய இனத்தையும் அவர் கலந்தபோது, முதல் தலைமுறை விதைகள் யாவும் உருண்டையாகவே இருந்தன. அவற்றை விதைத்துப் பெற்ற இரண்டாந் தலைமுறையிலோ 5,474 விதைகள் உருண்டையாகவும் 1,850 விதைகள் சுருங்கியும் காணப்பட்டன. அதாவது ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. முதல் தலைமுறையில் சுருக்கம் மறைந்திருந்ததேயன்றி அழியவில்லை.

இதன் காரணம் யாதெனில், ஒவ்வோர் இயல்புக்கும் செடியில் இரண்டு பரம்பரையலகுகள் உண்டு. ஒன்று மகரந்தத்தின் வழியும் மற்றொன்று சூலின் வழியும் வந்தவை. இரண்டும் வேறுபட்டால் ஒன்று ஆட்சி செலுத்தும். மற்றது பின்னிடைந்து மறைந்திருக்கும்.

நெல்லில் இதே விதி

பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கப்பட்டு 1950களின் இறுதியில் பரவிய எச்-4 நெல் நல்ல விளைச்சல் தந்தது. ஆயினும் அது உயரமான இனமாதலால் மிகுதியாகப் பசளை இட்டபோது சாய்ந்தது. சாயாத குட்டை நெல் தேவைப்பட்டது.

1962இல் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில், உயரமான பேட்டா என்னும் நெல்லும் தைவானைச் சேர்ந்த குட்டை நெல்லொன்றும் கலக்கப்பட்டன. முதல் தலைமுறை முழுவதும் உயரமாகவே வளர்ந்தது. இரண்டாந் தலைமுறையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குட்டையாயிற்று. அக்குட்டைச் செடிகளிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டு 1966இல் வெளியிடப்பட்டதே ஐ.ஆர்.8 என்னும் புகழ்பெற்ற இனம்.

கலப்பில் தோன்றிய செடி தன் மகரந்தத்தாலேயே விதை தரும்போது, இரண்டாந் தலைமுறையில் பாதிச் செடிகளே கலப்பு அலகுகளுடன் எஞ்சும். மூன்றாவதில் கால், நான்காவதில் எட்டில் ஒன்று. இவ்வாறு பல தலைமுறை சென்ற பின்னரே இனம் நிலைபெறும். கமக்காரர் கைக்கு வரும் பத்தலகொடை நெல்லினங்கள் இவ்வாறு நிலைபெற்றவை. நெல் பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கையால் விளைவது. ஆகவே அவற்றின் விதை தாயை ஒத்திருக்கும்.

கலப்பின விதையின் இயல்பு

'எஃப்-1' என்று குறிக்கப்பட்ட கோவா, தக்காளி விதைகள் மேற்கூறிய முதல் தலைமுறையைச் சேர்ந்தவை. அவை ஒரே சீராக முளைத்துச் செழித்து வளரும். அவற்றிலிருந்து விதை எடுத்தால் கிடைப்பது இரண்டாந் தலைமுறை. மறைந்திருந்த இயல்புகள் அப்போது வெளிப்படும். ஒரு செடி பெரிய காய் தரும். மற்றொன்று சிறிய காய் தரும். ஒன்று முந்தியும் மற்றொன்று பிந்தியும் பழுக்கும். விதைக்கு மிச்சம் பிடித்த பணம் சந்தையில் நட்டமாகும்.

கோவாவில் மற்றுமோர் இடருண்டு. கோவா, பூக்கோவா, நோகோல் ஆகிய மூன்றும் ஒரே தாவர இனத்தின் வகைகள். தேனீக்கள் மகரந்தத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்லுமாதலால் விதை எளிதிற் கலந்துவிடும்.

பருத்த விதை நல்ல விதையா?

போஞ்சி பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கையுடையது. டென்மார்க்கு நாட்டு யொகான்சன், ஒரே செடியின் வழிவந்த போஞ்சியிற் பெரிய விதைகளையும் சிறிய விதைகளையும் தனித்தனியே விதைத்துப் பார்த்தார். 1903இல் அவர் வெளியிட்ட முடிவின்படி, இரண்டின் வழித்தோன்றல்களும் சராசரி நிறையில் ஒத்தே இருந்தன. பசளைக் குழியருகே நின்று கொழுத்த செடியின் செழுமை மண்ணால் வந்தது. அது விதைவழி செல்லாது.

தேயிலை தரும் சான்று

விதையால் வளர்ந்த பழைய தேயிலை மலையில் ஒவ்வொரு செடியும் இலையிலும் கொழுந்திலும் வேறுபட்டிருப்பதைத் தொழிலாளர் அறிவர். தேயிலை அயன்மகரந்தச் சேர்க்கையால் விதை தருவதே காரணம். ஒரு தாய்ச் செடியின் தண்டுத் துண்டிலிருந்து வளர்த்த கன்றுகளோ, மகரந்தக் கலப்பின்றித் தாயின் அலகுகளையே முழுமையாகப் பெறுகின்றன. ஆதலின் அம்மலை ஒரே சீராக விளங்கும். ஆனால் தாய்ச் செடி ஒரு நோய்க்கு எளிதில் ஆட்படுவதாயின் அக்குறையும் கன்றுகள் அனைத்துக்கும் உண்டு.

கமக்காரர் கைக்கொள்ள வேண்டியவை

1. நிலைபெற்ற நெல், போஞ்சி இனங்களில் விதை வைக்கலாம்.

2. பயிர் நிற்கும்போதே வயலைச் சுற்றிப் பார்த்து, இனத்துக்கு மாறான செடிகளைப் பிடுங்கி அகற்றுக.

3. வயலின் நடுவே, எல்லாச் செடிகளோடும் ஒத்த பசளையும் நீரும் பெற்று, நோயின்றி நிற்கும் செடிகளையே விதைக்குக் குறித்து வைக்க வேண்டும். போஞ்சியின் சித்திர வடிவ இலைநோய் விதைவழிப் பரவக்கூடியது. அந்நோய் கண்ட செடியை விலக்குக.

4. 'எஃப்-1' பயிரில் விதை வைக்கலாகாது. ஒவ்வொரு போகத்துக்கும் புதிய விதை பெறுக.

5. விதைப் பொதியின் உறையைப் பயிர் அறுவடையாகும் வரை பத்திரப்படுத்துக. இனம் யாதென்பதில் ஐயம் எழுந்தால், உறையுடன் அப்பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகிக் கேட்டறிதல் நலம்.