வேலையில்லாதவர் என்று யாரைக் கணக்கில் சேர்க்கிறார்கள்?

"நகரத்துல வேலையின்மை கூடிருச்சு" என்று செய்தியில் கேட்டிருப்பீர்கள். இன்னொரு நாள், "வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இத்தனை லட்சம் பேர் பதிவு" என்று வரும். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். இல்லை. புதுமடத்தில் இருந்துகொண்டு, சென்னைக்குப் போகலாமா என்று யோசிப்பவர் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

கணக்கெடுப்பு எப்படி நடக்கிறது?

வேலையின்மை விகிதத்தை வெளியிடுவது மத்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம். 2017 முதல் குறிப்பிட்ட காலத் தொழிலாளர் கணக்கெடுப்பு நடக்கிறது. தேர்ந்தெடுத்த வீடுகளுக்கு நேரில் போய்க் கேட்டு எழுதுகிறார்கள். வேலை செய்வோர், வேலை தேடுவோர் இருவரையும் கூட்டி, அதில் நூற்றுக்கு எத்தனை பேர் வேலையில்லாமல் இருக்கிறார்கள் என்று பார்ப்பதே விகிதம். தேடாமலும், கிடைத்தால் போகும் நிலையில் இல்லாமலும் இருப்பவர் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்.

கேட்கும் காலத்தைப் பொறுத்து விடை மாறும். விசைப்படகில் கூலிக்குப் போகும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக் கணக்கில் அவர் வேலையில் இருப்பவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் "போன 7 நாளில் ஒரு மணி நேரமாவது வேலை பார்த்தீங்களா?" என்று கேட்டால், இல்லை என்பார். வேறு வேலைக்குத் தயாராக இருந்தால் வாரக் கணக்கில் அவர் வேலையில்லாதவர். ஆள் ஒருவர்தான், விடை இரண்டு.

நகரத்தில் ஏன் அதிகம்?

2023-24 ஆண்டுக் கணக்குப்படி, 15 வயதுக்கு மேற்பட்டோரில் வேலையின்மை இந்திய அளவில் நகரத்தில் 5.1 சதவீதம், கிராமத்தில் 2.5 சதவீதம். அப்படியென்றால் கிராமத்தில் வேலை கொட்டிக் கிடக்கிறதா? அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. பட்டம் படித்த பெண் ஒருவர் அப்பாவின் கடையில் சம்பளமில்லாமல் உதவினாலும், கணக்கில் அவர் வேலையில் இருப்பவர்தான். ஊரில் இப்படிக் கைகொடுக்க வலை, படகு, தோப்பு, கடை இருக்கும். வாடகை அறையில் தங்கி வேலை தேடுபவருக்கு நகரத்தில் அது இல்லை. 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களிடம் இந்திய அளவில் விகிதம் 10.2 சதவீதம்.

பதிவேடு வேறு

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவில் படித்துக்கொண்டிருப்பவரும் இருப்பார், தனியார் வேலையில் இருந்துகொண்டே அரசு வேலைக்குக் காத்திருப்பவரும் இருப்பார். ஆகவே அந்த எண்ணிக்கையை வேலையின்மை விகிதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் கடையில் உதவும் அந்தப் பட்டதாரிப் பெண், தன் தகுதிக்கேற்ற வேலைக்குக் காத்திருக்கிறார் என்பதைப் பதிவேடுதான் காட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது

• பதிவை 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். இணையத்திலேயே செய்யலாம். விட்டுவிட்டால் காத்திருந்த ஆண்டுகளின் பதிவு மூப்பு போய்விடும்.

• பதிந்து 5 ஆண்டு முடிந்தும் வேலை இல்லையா? குடும்ப ஆண்டு வருமானம் ரூ.72,000-க்குள் இருந்தால் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். வயது 40-க்குள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 45-க்குள் இருக்க வேண்டும். மாதம் பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கு ரூ.300, பன்னிரண்டாம் வகுப்புக்கு ரூ.400, பட்டத்துக்கு ரூ.600 என 3 ஆண்டுக்குக் கிடைக்கும். பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புப் பட்டதாரிகளுக்கு இது பொருந்தாது.

• மாற்றுத்திறனாளிகள் பதிந்து ஓராண்டு ஆனாலே போதும். தொகையும் கூடுதல்.

• ராமநாதபுரம் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் தனியார் வேலை முகாம்கள் பற்றிக் கேளுங்கள். ஊரை விட்டுக் கிளம்பும் முன் அங்கே ஒரு நடை போய் வாருங்கள்.

இப்போதே பதிவு அட்டையை எடுத்து, புதுப்பிக்க வேண்டிய மாதம் எதுன்னு பாருங்க.