துன்பத்தை வென்ற தாய் – கெர்டா கிளைன் அம்மையார்

வீடு என்பது சுவரும் கூரையும் மட்டுமன்று. தாய், தந்தை, உடன்பிறந்தார் கூடியிருக்கும் இடமே வீடு. அது நமக்கு நாள்தோறும் கிடைப்பதால் அதன் அருமையை நாம் உணர்வதில்லை. அதை முற்றிலும் இழந்து, அயல்நாட்டில் குடியேறி, அங்கே மீண்டும் ஒரு வீட்டை அமைத்து, 97 ஆண்டுகள் வாழ்ந்தவர் கெர்டா வைஸ்மன் கிளைன் அம்மையார். அவருடைய வரலாற்றை அறிவது நமக்குப் பெரிதும் பயன்தரும்.

போலந்து நாட்டில் பீல்ஸ்கோ என்னும் ஊரில் ஒரு யூதக் குடும்பத்தில் 1924-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் நாள் கெர்டா பிறந்தார். 1939 செப்டம்பரில் ஹிட்லரின் படைகள் போலந்தினுள் புகுந்தபோது அவருக்கு வயது 15. தோழியரே, அது நம்முடைய வயதுதான்! யூதர்களாகப் பிறந்த ஒரே காரணத்துக்காக அவர்களுடைய உரிமைகளும் உடைமைகளும் பறிக்கப்பட்டன. சொந்த வீட்டின் நிலவறையிலேயே அக்குடும்பம் ஒடுங்கி வாழ நேர்ந்தது. அண்ணன் ஆர்தர் கொண்டு செல்லப்பட்டார். பிறகு அவரைக் கெர்டா காணவேயில்லை. 1942 ஜூனில் தந்தையும் தாயும் அடுத்தடுத்துப் பிரிக்கப்பட்டனர். இருவரும் பின்னர் நாஜிகளால் கொல்லப்பட்டனர்.

பிரியுமுன் தந்தை மகளிடம் ஒன்றை வற்புறுத்திக் கூறினார்: பனிச்சறுக்குக்குரிய கனமான காலணிகளை அணிந்துகொள்ள வேண்டும் என்பதே அது. கோடைக்காலத்தில் இவை எதற்கு என்று கெர்டா வியந்தார். ஆயினும் தந்தை சொல்லைத் தட்டவில்லை.

நெசவாலைகளை ஒட்டிய அடிமை முகாம்களில் அவர் இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். அங்கே இல்சே என்ற இளமைத் தோழி அவருடன் இருந்தாள். ஒருநாள் வழியில் கிடைத்த ஒரே ஒரு சிறு பழத்தை இல்சே தான் உண்ணாமல், நாள் முழுவதும் பையில் காத்து, மாலையில் ஓர் இலையில் வைத்துக் கெர்டாவுக்குக் கொடுத்தாளாம். பசியால் வாடியவள் தந்த அந்தப் பழத்தைவிடப் பெரிய கொடை எது?

1945 ஜனவரி இறுதியில், கொட்டும் பனியில், கெர்டா இருந்த பிரிவில் ஏறத்தாழ 2,000 பெண்கள் கால்நடையாகத் துரத்தப்பட்டனர். சுமார் 560 கிலோமீட்டர் நடந்தனர். முடிவில் உயிரோடு எஞ்சியவர்கள் ஏறக்குறைய 120 பேரே. இல்சேயும் வழியில் இறந்தாள். தந்தை அணியச் சொன்ன காலணிகள் மகளின் கால்களைக் காத்தன.

மே 7-ஆம் நாள், செக்கோஸ்லோவாகியாவின் வோலரி என்னும் ஊரில் அமெரிக்கப் படை அவர்களை மீட்டது. அப்போது கெர்டாவின் எடை 31 கிலோ, தலைமுடி நரைத்திருந்தது. அவரைக் கண்ட இராணுவ அதிகாரி கர்ட் கிளைன், அவர் உள்ளே செல்வதற்காகக் கதவைத் திறந்து பிடித்தபடி மரியாதையுடன் நின்றார். ஆறு ஆண்டுகளாக விலங்கினும் கீழாக நடத்தப்பட்டவரை அந்தச் சிறு செயல் மீண்டும் மனிதராக்கியது. கர்ட்டும் ஜெர்மனியில் பிறந்த யூதரே. அமெரிக்காவுக்குத் தம் பெற்றோரை அழைத்துக்கொள்ள அவர் முயன்றார். விசா கிடைக்கத் தாமதமாயிற்று. அதற்குள் அவர்கள் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டனர்.

1946-இல் பாரிஸ் நகரில் இருவருக்கும் திருமணம் நடந்தது. பின்னர் அமெரிக்காவின் பஃபலோ நகரில் குடியேறி, இரு பெண்களையும் ஓர் ஆணையும் பெற்று வளர்த்தனர். ஆங்கிலம் கெர்டாவின் தாய்மொழியன்று. ஆயினும் தம் வரலாற்றை அம்மொழியிலேயே எழுதி 1957-இல் நூலாக வெளியிட்டார். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளிடம் அன்பு காட்டத் தூண்டும் சிறுவர் நூலொன்றையும் எழுதினார். பள்ளிகளிலும் மன்றங்களிலும் இனவெறுப்பின் கொடுமையை எடுத்துரைத்தார். பசியின் கொடுமையை அறிந்தவராதலால், பசி ஒழிப்புப் பணிக்கும் கணவருடன் சேர்ந்து ஓர் அறக்கட்டளை வழியாகத் தொண்டாற்றினார்.

அவருடைய வாழ்வைப் பற்றிய ஆவணப்படம் 1996-இல் ஆஸ்கார் விருது பெற்றது. அந்த மேடையில் அவர் தம் பெருமையைப் பேசவில்லை. வீட்டில் கழியும் ஒரு சாதாரண, சலிப்பான மாலைப்பொழுதின் இனிமையைக் காண வாழாமல் போனவர்களை நினைத்துப் பேசினார்.

2002-இல் கணவர் மறைந்தார். அம்மையாரோ ஓய்ந்துவிடவில்லை. 84-ஆம் வயதில், 2008-இல், குடியுரிமையின் மதிப்பை மாணவர்களுக்குக் கற்பிக்கும் நிறுவனமொன்றைத் தொடங்கினார். வந்தேறிகள் குடியுரிமை ஏற்கும் விழாக்களைப் பள்ளிகளிலேயே நடத்தி, மாணவர்களே அவர்களை வரவேற்கும்படி செய்தது அந்நிறுவனம். ஒரு காலத்தில் தமக்குத் திறக்கப்பட்ட கதவை அவர் பிறருக்குத் திறந்து வைத்தார். 2011-இல் குடியரசுத் தலைவர் ஒபாமா அவருக்கு நாட்டின் உயரிய குடிமக்கள் விருதை அளித்தார். 2022 ஏப்ரல் 3-ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார்.

துன்பம் சிலரைக் கசப்புடையோராக்கும். கெர்டா அம்மையாரையோ கனிவுடையவராக்கியது. ஆஸ்கார் மேடையும் ஒபாமாவின் விருதும் நம்மில் பலருக்குக் கிட்டாமல் போகலாம். ஆனால் ஒரு பழத்தைப் பகிர்ந்தளிப்பதும், ஒருவருக்காகக் கதவைத் திறந்து பிடிப்பதும் நம் எல்லோராலும் இயலும். நம் வகுப்பிற்குப் புதிதாக வரும் மாணவி தனியே அமர்ந்திருந்தால், அவளை அழைத்து நம் அருகில் அமர்த்திக்கொள்வோம். இன்று மாலை வீட்டில் விளக்கேற்றி, அனைவரும் கூடி உண்ணும்போது, அந்தச் சாதாரண நேரம் எவ்வளவு பெரிய செல்வம் என்பதை ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம்.