காரல் மீனின் ஒளி

கேள்வி: கரைவலையில் பட்டதென்று வாப்பா கொண்டுவந்த காரல் மீன், இரவு குசினி விளக்கை அணைத்ததும் இளநீலமாய் ஒளிர்ந்தது. மூத்தம்மா பயந்துபோய், அதைக் கறியாக்க விடவில்லை. அந்த வெளிச்சம் எதிலிருந்து பிறக்கின்றது?
– ஒரு வாசகி, மருதமுனை

பதில்: அந்த வெளிச்சம் மீனுடையதன்று, மீனை அண்டி வாழும் சூட்சும ஜீவராசிகளுடையது. காரலின் உணவுக்குழாயைச் சுற்றி வளையம்போல் அமைந்த ஓர் அவயவத்தினுள் ‘போட்டோபற்றீரியம் லியோக்நாத்தி’ என்னும் பற்றீரியாக்கள் திரளாய்க் குடியிருக்கின்றன. அவை ஈனும் ஒளி, அருகிலுள்ள காற்றுப்பையின் வெள்ளிச் சுவரில் பிரதிபலித்து வயிற்றின் வழியே கீழே கசிந்து, மேலிருந்து இறங்கும் பகலொளியோடு ஒன்றிவிடுவதால், அடியிலிருந்து அண்ணாந்து நோக்கும் பெரிய மீனுக்குக் காரலின் நிழலுரு புலப்படாமற் போகின்றது என்பர் ஆராய்ச்சியாளர். அலை உடையும்போது நீரில் மினுங்கும் ஒளி வேறு உயிரினங்களுடையது. அதன் இரசாயனமும் வேறு.

ஒளிரும் மீனையும் உளுத்த மரத்தையும் கண்ணாடிக் கலத்தில் வைத்துக் காற்றை வெளியேற்றினால் ஒளி மங்கும் என்பதை இங்கிலாந்தின் றொபேட் பொயில் 1668 இலேயே பிரசுரித்தார். ஒட்சிசன் என்ற ஒன்று அறியப்படுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே அவர் அதன் வாசலில் நின்றார் என எண்ணுகையில் வியப்பே மேலிடுகின்றது. இந்த ஒளிக்குக் காற்றோடு வேறென்ன வேண்டும் என்பது 1953 இலேதான் தெளிவாயிற்று. விலங்கின் சிறுநீரகச் சாறு பற்றீரியாவின் ஒளியைப் பெருக்குவதைக் கண்ட ஆராய்ச்சியாளர் கோமியரும் ஸ்ட்ரெலரும், அச்சாற்றினுள் அவ்வாறு செய்யும் பொருள் காபன் அணுக்கள் நீண்ட சங்கிலியாய்க் கோத்த அல்டிகைட்டு என்னும் சேர்வையே என நிறுவினர்.

இனிப் பற்றீரியாவின் உள்ளே நடப்பதைப் பார்ப்போம். பிளேவின் என்பது பாலிலும் ஈரலிலும் உள்ள விற்றமின் பி-2 இலிருந்து உருவாகும் மஞ்சட் பொருள். ஐதரசன் ஏற்று நிறமிழந்து நிற்கும் அப்பிளேவினை லூசிபெரேசு என்னும் நொதியம் தன் மடியில் இருத்தி, ஒட்சிசன் அணுக்களின் சோடியொன்றை அதனோடு பிணைக்கின்றது. வெறும் நீரில் கணத்திற் சிதைந்துபோகும் இப்பிணைப்பு நொதியத்தின் மறைவில் நிலைத்து நிற்கின்றது. 1973 இல் ஹேஸ்டிங்ஸ் முதலிய ஆராய்ச்சியாளர் உறைநிலைக்கும் கீழான குளிரில் அதனைப் பிரித்தெடுத்தே காட்டினர். பிணைப்பு இவ்வாறு நிலைத்து நிற்கையில் பதினான்கு காபன் அணுக்கள் கோத்த அல்டிகைட்டு வந்து சேர, அந்தச் சோடி அதன் நுனியைப் பற்றிக்கொள்ள, சோடியின் நடுப்பிணைப்பு முறிகின்றது. ஓர் ஒட்சிசன் அல்டிகைட்டோடு சென்று அதனைக் கொழுப்பமிலமாக்குகின்றது; மற்றையது பிளேவினிலேயே தங்கி, பின்னர் நீராய் விலகுகின்றது. அடுப்பில் விறகு எரிவதும் ஒட்சியேற்றமே. ஆயினும் இங்கே விடுபடும் சக்தி வெப்பமாய்ச் சிதறிவிடாமல் பிளேவினையே கிளர்ச்சியுறச் செய்ய, அது தணிகையில் ஏறத்தாழ 490 நானோமீற்றர் அலைநீளமுள்ள நீலப்பச்சை ஒளி வெளிப்படுகின்றது. எரிந்தது அல்டிகைட்டு, ஒளிர்ந்தது பிளேவின்: எனக்கு இதில் ஆகவும் பிடித்த இடம் இதுவே. பிளேவினுக்கு மீண்டும் ஐதரசன் ஊட்டவும் அமிலத்தை அல்டிகைட்டாக மாற்றவும் வேறு நொதியங்கள் அங்கேயே காத்திருக்கின்றன.

மூத்தம்மாவின் அச்சத்திற்கு வருவோம். ஒளி தன்னளவில் நஞ்சன்று. ஆனால் தோலெங்கும் ஒளி பரவியிருப்பின் பற்றீரியா மீனின்மேல் பெருகிவிட்டதென்றே கொள்ளவேண்டும். நாற்றமும் சேர்ந்தால் வீசிவிடுங்கள். நாற்றமில்லாத புதுமீனாயின் நன்றாகக் கழுவிச் சட்டியில் இடலாம். கொதி ஏறியதும் நொதியத்தின் கட்டுக் குலைந்து அந்த வெளிச்சம் தானே அணைந்துவிடும்.