4 லட்சத்துல ஒரு ஆஃப்-ரோடு வண்டி: வாங்குறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு

மலைப்பாதை வீடியோ பாத்துட்டு, "நாமளும் ஒரு ஃபோர் வீல் டிரைவ் வாங்கலாமே"ன்னு தோணுதா? புது ஜிம்னி, தார் விலை பட்ஜெட்டைத் தாண்டிடும். அதனால பலரோட கண்ணு பழைய மாருதி ஜிப்ஸி மேல போகும். 1985-ல் வந்த வண்டி. லேடர் சேஸிஸ், லோ ரேஞ்ச் கியர் ரெண்டும் உண்டு. எடை குறைவு, அதனால சேத்துல சிக்கினாலும் மீட்பது எளிது.

ஆனா வண்டி விலை வேற, மொத்தச் செலவு வேற. உங்ககிட்ட 4 லட்சம் இருந்தா, 4 லட்சத்துக்கு வண்டி தேடாதீங்க. ஒரு உதாரணக் கணக்கு:

வண்டி – 2,80,000
பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ் – 20,000
5 டயர் – 40,000
டோ ஸ்ட்ராப், கம்ப்ரஸர் போன்றவை – 20,000
ரிப்பேருக்குத் தனியா – 40,000

கடைசி வரியைத்தான் எல்லாரும் விட்டுடுவாங்க. பழைய வண்டியில அதுதான் முதல்ல கரையும்.

லோன் எடுக்கலாமா?
ரொம்பப் பழைய வண்டிக்கு வாகனக் கடன் கிடைப்பது கஷ்டம். அதனால பர்சனல் லோன் பக்கம் போவாங்க. 5 லட்சம், 14% வட்டி, 36 மாதம்னா இ.எம்.ஐ. சுமார் 17,089 ரூபாய். வட்டி மட்டும் 1.15 லட்சத்துக்கு மேல! இது ஆசைக்கு வாங்குற ரெண்டாவது வண்டி. அதே 17,000-ஐ மாசாமாசம் ஆர்.டி.-யில் போட்டா, 24 மாசத்துல அசல் மட்டுமே 4,08,000 சேர்ந்துடும்.

வாங்கும்போது
சேஸிஸ் அடியில துரு இருக்கான்னு படுத்துப் பாருங்க. 4 எச், 4 எல் ரெண்டும் விழுதான்னு ஓட்டிப் பாருங்க. ஆர்.சி.-யில் கடன் பதிவு இருந்தா, வங்கியின் என்.ஓ.சி. இல்லாம பணம் கொடுக்காதீங்க. சொந்த உபயோக வண்டிக்கு 15 வருஷம் முடிஞ்சா பதிவைப் புதுப்பிக்கணும். அந்தத் தேதியைக் காட்டி விலை பேசுங்க.

மாடிஃபிகேஷன்
மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, ஆர்.சி.-யில் உள்ள விவரத்துக்கும் கம்பெனி ஒரிஜினல் அமைப்புக்கும் முரணா வண்டியை மாத்தக் கூடாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. பிரிவு 182ஏ-யில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இல்லைன்னா ரெண்டும் சேர்த்தே உண்டு. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாம செய்த மாற்றம் விபத்துக்கு அப்புறம் தெரிஞ்சா, க்ளெய்ம் சிக்கலாயிடும். அங்க போற பணத்துக்கு முன்னாடி 5,000 ஒண்ணுமே இல்ல.

அதனால வரிசை இதுதான்: முதல்ல பிரேக், ஸ்டீயரிங், கூலிங் சர்வீஸ். அடுத்து அதே சைஸ்ல ஏ.டி. டயர். அப்புறம் மீட்புச் சாமான். இன்ஜின் மாத்துறது, பெரிய டயர், பம்பர் கார்டு எல்லாத்தையும் மறந்துடுங்க. மணல்ல டயர் காத்தைக் கொஞ்சம் குறைச்சு ஓட்டினா பிடிப்பு கூடும், இந்த மாடிஃபிகேஷன் ஃப்ரீ! தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காம காத்து நிரப்பிடுங்க.

6 மாசச் செலவுக்கான எமர்ஜென்சி ஃபண்ட், ஹெல்த் இன்ஷூரன்ஸ் ரெண்டும் இருக்கா? இருந்தா தாராளமா வாங்குங்க. இல்லைன்னா மலை எங்கேயும் போயிடாது, முதல்ல அதைச் சேருங்க!