அடிச்சதால போச்சா, அடிச்ச பிறகு போச்சா?

ஆனி, ஆடியில் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் எந்தத் தென்னந்தோப்புக்குப் போனாலும் ஒரே பேச்சுதான். "போன மாசம் அடிச்சனுங்க, வெள்ளை ஈ சுத்தமா போயிருச்சுங்க." ஒருத்தர் அடித்தது வேப்பெண்ணெய், இன்னொருத்தர் ஐந்திலைக் கரைசல், பக்கத்துத் தோட்டத்துக்காரர் கடை மருந்து. மூன்று பேருக்குமே போயிருக்கிறது. அங்கேதான் எனக்குச் சந்தேகம்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நமக்குத் தெரியாததல்ல. ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று நடந்தால், முன்னதுதான் காரணம் என்று மனசு முடிச்சுப் போட்டுவிடும்.

ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ 2016இல் பொள்ளாச்சி வட்டாரத்தில் கண்டறியப்பட்டது. பங்குனி, சித்திரை வெயிலில் பெருகும். அடி ஓலையெல்லாம் கரும்பூசணம் படிந்து கரி பூசின மாதிரி ஆகிவிடும். மழை இறங்கினால் குறையும். நாம் எப்போது தெளிப்பானைத் தூக்குகிறோம்? பூச்சி உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்துக்கு அப்புறம் இறக்கம்தானே! அந்த நேரத்தில் எதை அடித்தாலும் பேர் வாங்கிக்கொள்ளும். நம் கரைசலுக்கும் இது பொருந்தும், கோவித்துக்கொள்ள வேண்டாம்.

இதில் பேர் கிடைக்காத ஆள் ஒன்று உண்டு. என்கார்சியா என்ற பொடிக் குளவி, வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதைத் தின்றே வளரும். ஓலையின் அடிப்பக்கத்தை லென்ஸ் வைத்துப் பாருங்க. கூட்டில் வட்டமாகத் துளை இருந்தால் குளவி வெளியே வந்திருக்கிறது. கீறல் மாதிரி பிளந்திருந்தால் ஈ பறந்திருக்கிறது. கடை மருந்து இந்தக் குளவியையும் சேர்த்தே கொல்லும். வேலை செய்தது குளவியும் மழையும், பேர் மருந்துக்கு என்றால், அடுத்த வருசம் அதே மருந்தை முன்கூட்டியே அடிப்பார்கள். குளவி போய்விடும், ஈ நிற்கும், இன்னும் ரெண்டு தரம் அடிப்பார்கள்.

காரணம் எதுவென்று தெரிய, அடிக்காமல் கொஞ்சம் மரம் விட வேண்டும். பத்து மரம் போதும். ஒரே மூலையில் வேண்டாம். வாய்க்கால் ஓரம் ஐந்து, மேட்டில் ஐந்து. "அந்த மரம் வீணாப் போயிருமுங்களே" என்பார்கள். வெள்ளை ஈயால் மட்டும் தென்னை பட்டுப்போகாது. அடித்த அன்றும், பதினைந்து நாள் கழித்தும், ரெண்டு பக்கத்து ஓலையிலும் எண்ணி நோட்டில் எழுதுங்க.

அடிக்காத மரத்தில் ஈ அப்படியே இருந்து, அடித்ததில் மட்டும் குறைந்திருந்தால், அந்தக் கரைசலின் அளவை எனக்கும் சொல்லுங்க. நானும் அடிக்கிறேன்.