முட்டி வலிக்கு நரம்புத் தடுப்பு: முழுமையான வழிகாட்டி

மூட்டு தேய்ந்துவிட்டது. மாத்திரையும் பிசியோதெரபியும் போதிய பலன் தரவில்லை. மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு உடல் இடம்கொடுக்கவில்லை, அல்லது மனம் ஒப்பவில்லை. இந்த நிலையில் இருப்பவர்களுக்கு நரம்புத் தடுப்பு நல்லதொரு வழி: முதலில் ஒரு சோதனை ஊசி, பிறகு வலியைக் கொண்டுபோகும் நரம்பை ரேடியோ அலை வெப்பத்தால் சுடும் சிகிச்சை. இது தேய்ந்த மூட்டைச் சரிசெய்யாது. வலியைக் குறைத்து, நன்றாக நடமாடச் சில மாதங்களைப் பெற்றுத் தரும். அந்த மாதங்களில் நாம் செய்யும் பயிற்சியில்தான் நிலையான பலன் இருக்கிறது.

எந்த நரம்புகள்?

முட்டியின் வலியை மூளைக்குக் கொண்டுபோகும் மெல்லிய கிளைகளுக்கு ஜெனிகுலர் நரம்புகள் என்று பெயர். வழக்கமாக மூன்று இடங்களைக் குறிவைப்பார்கள்: முட்டிக்கு மேலே உள்பக்கம், வெளிப்பக்கம், முட்டிக்குக் கீழே உள்பக்கம். கீழே வெளிப்பக்கத்தைப் பெரும்பாலும் தொடமாட்டார்கள். பாதத்தைத் தூக்க உதவும் பெரோனியல் நரம்பு அங்கே மிக அருகில் ஓடுகிறது.

கால் செயலிழந்துவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். நடக்கும் தசைகளை இயக்குவது இந்தக் கிளைகளின் முக்கிய வேலை அல்ல. முறையாகச் செய்தால் அப்படி நேர்வது மிக அரிது.

படி 1: மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

வலி சிகிச்சை நிபுணரைப் பாருங்கள். எக்ஸ்ரே, பழைய மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, பேஸ்மேக்கர் இருக்கிறதா, சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறதா, மரத்துப்போகும் ஊசி ஒத்துக்கொள்ளாதா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். காய்ச்சலோ, முட்டியில் புண்ணோ இருந்தால் அது ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.

படி 2: சோதனை ஊசி

அல்ட்ராசவுண்ட் அல்லது சி-ஆர்ம் எக்ஸ்ரே உதவியுடன், அந்த மூன்று இடங்களிலும் மரத்துப்போகும் மருந்தைக் கொஞ்சமாகச் செலுத்துவார்கள். இதன் பலன் சில மணி நேரமே நிற்கும். உங்கள் வலி இந்த நரம்புகள் வழியாகத்தான் போகிறதா என்று கண்டுபிடிப்பதே இதன் நோக்கம்.

பலர் ஊசி போட்டதும் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுகிறார்கள். அப்போது சோதனை எதையும் சொல்லாது. வழக்கமாக எதைச் செய்தால் வலிக்குமோ அதைத் துணையோடு செய்து பாருங்கள்: படி ஏறுங்கள், நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள். ஊசிக்கு முன்னும், பின் மணிக்கு ஒருமுறையும் வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு எழுதுங்கள். வலி பாதிக்குப் பாதியாவது குறைந்தால் அடுத்த படிக்குப் போகலாம் என்பது பொதுவான கணக்கு.

படி 3: ரேடியோ அலை சிகிச்சை

தோலை மரத்துப்போகச் செய்து ஊசியை நரம்பருகே வைப்பார்கள். முதலில் லேசான மின்தூண்டல் கொடுத்துப் பார்ப்பார்கள். பாதமோ காலோ துடித்தால் உடனே சொல்லுங்கள். ஊசியின் இடத்தை மாற்றுவார்கள். பிறகு சுமார் 70 முதல் 80 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒன்று, ஒன்றரை நிமிடம் நரம்பைச் சுடுவார்கள். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம்.

படி 4: வீட்டில் கவனிப்பு

சில நாட்கள் ஊசி போட்ட இடம் கன்றிப்போகலாம், வலிக்கலாம், மரத்திருக்கலாம். மரத்த தோலில் வெந்நீர் ஒத்தடம் வேண்டாம்; சூடு தெரியாமல் கொப்பளித்துவிடும். காய்ச்சல், சிவந்த வீக்கம், பாதத்தைத் தூக்க முடியாமை ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம்.

படி 5: கிடைத்த மாதங்களைப் பயன்படுத்துங்கள்

பலருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை வலி குறைந்திருக்கும்; சிலருக்குப் பலனே இல்லாமலும் போகலாம். நரம்பு மீண்டும் வளரும்போது வலியும் திரும்பலாம். அதற்குள் தொடைத் தசையைப் பலப்படுத்திவிடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி ஐந்து விநாடி நிறுத்துவதில் தொடங்கலாம்; மற்றதை பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தருவார். உடல் பருமன் இருந்தால் எடையையும் குறையுங்கள். ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முட்டியின் மேல் விழும் பாரம் ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது.

வலி திரும்பினால்?

மீண்டும் இதே சிகிச்சையைச் செய்துகொள்ளலாம். மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கும் இது தடையல்ல. எந்த வழியில் போனாலும், இந்த மாதங்களில் வலுவாக்கிய தொடை உங்களுக்குத் துணை நிற்கும்.